தாய் மடி பெல்ட் ஆகுமா? விமானத்தில் கைக்குழந்தை, கார் சீட், ஒரு நீண்ட சண்டையின் வரலாறு

1/
விமானம் கிளம்புறதுக்கு முன்னாடி என்ன நடக்கும்னு கவனிச்சிருப்பீங்க. கைப்பையை சீட்டுக்கு அடியில தள்ளச் சொல்வாங்க. லேப்டாப்பை மூடி உள்ளே வைக்கச் சொல்வாங்க. முன்னாடி இருக்கிற தட்டை மடக்கச் சொல்வாங்க. காபி ஊத்துற குடுவையைக் கூட கொக்கி போட்டு அடைச்சிடுவாங்க. காரணம் ஒண்ணுதான். விமானம் திடீர்னு நின்னாலோ குலுங்கினாலோ, கட்டி வைக்காத எதுவும் பறக்கும்.

இவ்வளவையும் கட்டச் சொல்ற அமெரிக்க விமானச் சட்டம், கட்டாமலே வரலாம்னு ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கு. இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு.

2/
வெளிநாட்டுக்குக் குழந்தையோட போறவங்க அடிக்கடி கேட்கிற கேள்வி இது. "டாக்டர், கார் சீட்டை விமானத்துக்குள்ள எடுத்துட்டுப் போகணுமா? லக்கேஜ்ல போட்டுடலாமா? இல்ல மடியிலயே வச்சுக்கலாமா?"

ஒரு வரியில பதில் சொல்லிடலாம். ஆனா அந்த ஒரு வரிக்குப் பின்னாடி 35 வருஷத்துக்கு மேலா ஓடிட்டு இருக்கிற ஒரு சண்டை இருக்கு. அதுல ஒரு விமானப் பணிப்பெண் இருக்கார், விபத்து விசாரணை அதிகாரிகள் இருக்காங்க, குழந்தைகள் மருத்துவர்கள் இரண்டு பக்கமும் இருக்காங்க.

நான் விமான நிபுணர் கிடையாது. அரசு மருத்துவமனையில, விபத்துல அடிபட்டு வர்றவங்களைப் பார்க்கிற சாதாரண எம்பிபிஎஸ் மருத்துவர். அந்த இடத்துல நின்னு எழுதுறேன். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

3/
கதை ஆகாயத்துல தொடங்கல. ரோட்டுல தொடங்குது.

1930களிலேயே காருக்குள்ள குழந்தைக்குன்னு தனி சீட் வந்துடுச்சு. ஆனா அது பாதுகாப்புக்கு இல்லை. குழந்தை எழுந்து நடமாடாம ஒரே இடத்துல உட்காரணும், ஜன்னல் வழியா வெளியே பார்க்கணும். அவ்வளவுதான் நோக்கம்.

"விபத்து நடந்தா இந்தக் குழந்தைக்கு என்ன ஆகும்?"னு கேள்வி கேட்டு சீட் செஞ்சது 1960களில்தான். பிரிட்டனில் ஜீன் ஏம்ஸ், அமெரிக்காவில் லியோனார்ட் ரிவ்கின், சுவீடனில் பெர்டில் ஆல்ட்மன்னு மூணு பேர், கிட்டத்தட்ட ஒரே காலத்துல தனித்தனியா இதுல இறங்கினாங்க.

4/
இதுல ஆல்ட்மன் ஒரு மருத்துவர். அவருக்கு யோசனை கிடைச்ச இடம் சுவாரசியமானது. விண்வெளி வீரர்கள் ராக்கெட்டில் மல்லாந்து படுத்த மாதிரி உட்கார்ந்து போறதைப் பார்த்தார். அந்த அழுத்தம் முழுக்க முதுகுல பரவுது. அதையே குழந்தைக்குச் செய்யலாமேன்னு நினைச்சார். குழந்தையைக் காரில் பின்பக்கம் பார்த்து உட்கார வைக்கிற சீட் அப்படித்தான் உருவாச்சு.

உடற்கூறியல் தெரிஞ்சா இது ஏன்னு புரியும். பிறந்த குழந்தைக்குத் தலை மட்டுமே உடம்பு நீளத்துல கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு. தலை கனம், கழுத்து தண்டு மாதிரி. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது வண்டி மோதினா உடம்பை பெல்ட் பிடிச்சுக்கும், தலை மட்டும் முன்னாடி பாயும். கழுத்து தாங்காது. பின்பக்கம் பார்த்து இருந்தா தலை, கழுத்து, முதுகு மூணையும் சீட்டே ஏந்திக்கும்.

5/
சீட் வந்தா மட்டும் போதுமா? யாரும் வாங்கல. வாங்கினவங்களும் எல்லா நேரமும் மாட்டல. அப்போதான் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துல ராபர்ட் சாண்டர்ஸ்னு ஒரு குழந்தைகள் மருத்துவர் வர்றார். மாவட்ட சுகாதாரத் துறையில வேலை. நம்ம ஊர் சுகாதார அதிகாரி மாதிரின்னு வச்சுக்கோங்க.

தடுப்பூசி போட்டு, வயிற்றுப்போக்கைத் தடுத்துக் காப்பாத்துற குழந்தைகள் கார் விபத்துல சாகிறதை அவரால ஏத்துக்க முடியல. இதுவும் தடுக்கக்கூடிய நோய்தான்னு முடிவு பண்ணினார். மனைவியையும் கூட சேர்த்துக்கிட்டு சட்டமன்ற உறுப்பினர்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். 1977ல சட்டம் நிறைவேறியது. 1978 ஜனவரி 1 முதல் அமல். குழந்தையைக் காரில் உரிய சீட்டில்தான் உட்கார வைக்கணும்னு சொன்ன முதல் அமெரிக்க மாநிலம் டென்னசி.

6/
ஆனா அந்தச் சட்டத்துல ஒரு ஓட்டை.

விவாதத்தின்போது ஒரு திருத்தம் சேர்த்தாங்க. "சீட்டில் வைக்காட்டியும் பரவாயில்லை, பெரியவர் கையில் பிடிச்சிருந்தா போதும்." கேட்கிறதுக்கு நியாயமாத்தான் இருக்கு. அழுற குழந்தையை அம்மா மடியில வச்சுக்கக் கூடாதுன்னு எந்த அரசியல்வாதி சொல்லுவார்?

சாண்டர்ஸ் அதை விடலை. அந்தத் திருத்தத்துக்கு "குழந்தை நசுக்கி" என்ற பொருளில் பட்டப் பெயரே வச்சார். மடியில் வச்சிருந்த குழந்தைகளுக்கு என்ன ஆச்சுன்னு காட்டிக்கிட்டே இருந்தார். 1981ல அந்த விலக்கு நீக்கப்பட்டது. 1985க்குள்ள அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இப்படி ஒரு சட்டம் வந்துடுச்சு.

7/
"நசுக்கி"ன்னு ஏன் சொன்னார்? இங்கதான் கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, பெருக்கல் மட்டும்தான்.

10 கிலோ குழந்தை. விமான இருக்கைகளை இப்போ 16ஜி அளவுக்குச் சோதிக்கிறாங்க. அதாவது புவியீர்ப்பு விசையைப் போல 16 மடங்கு. அந்த நொடியில அந்தக் குழந்தையைப் பிடிச்சு வைக்க 160 கிலோவைத் தாங்குற பலம் வேணும். 25 கிலோ அரிசி சிப்பம் ஆறு. அதையும் தாண்டி. முன்னறிவிப்பு இல்லாம, கண் இமைக்கிற நேரத்துக்குள்ள.

எந்த அம்மாவாலயும் முடியாது. எந்த பயில்வானாலயும் முடியாது. இது பாசத்தோட அளவு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை.

8/
இதுல பாதி ஆபத்துதான் குழந்தை கையை விட்டுப் பறக்கிறது. மீதி பாதி, பிடிச்சிருக்கிற பெரியவரே.

பெல்ட் போட்ட 60 கிலோ அம்மாவோட மேல் உடம்பு முன்னாடி மடங்கும். நடுவுல குழந்தை. முன் சீட்டுக்கும் அம்மாவோட நெஞ்சுக்கும் இடையில சிக்கும். சில பேர் தன்னோட பெல்ட்டையே குழந்தையையும் சேர்த்துச் சுத்திப் போட்டுக்குவாங்க. அது இன்னும் மோசம். அம்மாவோட மொத்த எடையும் அந்த பெல்ட் வழியா குழந்தையோட வயித்துல இறங்கும்.

9/
சரி, ரோட்டுல இந்தப் பாடம் படிச்சாச்சு. ஆகாயத்துல?

1980களில் ஒரு நல்ல காரியம் நடந்தது. காருக்குச் செய்த சீட்டை விமானத்திலும் பயன்படுத்தலாமான்னு பார்க்க, அமெரிக்காவின் கார் சீட் தரவிதியிலேயே விமானத்துக்கான சோதனையும் சேர்த்தாங்க. சீட்டைத் தலைகீழாத் திருப்பிப் பார்க்கிற சோதனையும் அதுல உண்டு. ஏன்னா விமானத்துல குழந்தை மேல் நோக்கியும் தூக்கி எறியப்படலாம்.

இதுல தேறின சீட்டுல சிவப்பு எழுத்துல ஒரு வாசகம் இருக்கும். மோட்டார் வாகனத்திலும் விமானத்திலும் பயன்படுத்தச் சான்று பெற்றதுன்னு. இன்னைக்கும் நீங்க தேட வேண்டியது அந்தச் சிவப்பு எழுத்தைத்தான்.

ஆனா கொண்டு வரலாம்னுதான் சட்டம் சொன்னது. கொண்டு வந்தே ஆகணும்னு சொல்லல. இரண்டு வயதுக்குள்ள இருந்தா மடியே போதும்.

10/
1989 ஜூலை 19.

யுனைடெட் ஏர்லைன்ஸ் 232. டென்வரில் இருந்து சிகாகோ போற டிசி-10 விமானம். 296 பேர். குழந்தைகளுக்கான சலுகைக் கட்டண நேரம் என்பதால் 52 குழந்தைகள். அதில் 4 பேர் மடிக் குழந்தைகள்.

நடுவானில் வாலில் இருந்த இன்ஜினின் பெரிய விசிறித் தட்டு உடைந்து சிதறியது. சிதறிய துண்டுகள் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் அறுத்துவிட்டன. இறக்கை, வால் எதையும் அசைக்க முடியாது. விமானி ஆல் ஹேன்ஸும் சக விமானிகளும், பயணியாக வந்திருந்த டெனிஸ் ஃபிட்ச் என்ற, பயிற்சி அளிக்கும் விமானியும் சேர்ந்து, இறக்கையில் மிச்சமிருந்த இரண்டு இன்ஜின்களின் வேகத்தை ஏத்தி இறக்கியே விமானத்தைத் திருப்பினார்கள். 44 நிமிடம் போராட்டம்.

11/
பயணிகள் பகுதியில் தலைமைப் பணிப்பெண் ஜேன் பிரவுன். அவசரத் தரையிறக்கத்துக்கு எல்லாரையும் தயார் செய்ய வேண்டிய பொறுப்பு அவருடையது.

மடிக் குழந்தைகளை என்ன செய்வது? பணிக் கையேட்டில் வழிமுறை இருந்தது. தலையணை, போர்வையை விரித்துக் குழந்தையைத் தரையில் கிடத்தி, பெற்றோர் குனிந்து பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஜேன் பிரவுன் அதைத்தான் சொன்னார். சொல்லும்போதே இது எவ்வளவு அபத்தமாக இருக்கிறது என்று தோன்றியதாகப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் அவரிடம் கொடுக்க வேறு எதுவும் இல்லை. பெரியவர்களுக்கு எல்லாம் பெல்ட் இருந்தது. அந்த நாலு பேருக்கு மட்டும் தரை.

12/
மாலை 4 மணி வாக்கில் அயோவா மாநிலத்தின் சியூ சிட்டி விமான நிலையத்தில் விமானம் மோதி, உடைந்து, தீப்பிடித்து, ஒரு பெரிய பகுதி சோளக் காட்டுக்குள் தலைகீழாக விழுந்தது.

112 பேர் இறந்தார்கள். 184 பேர் பிழைத்தார்கள். அந்த விபத்தின் காட்சியைப் பார்த்த யாரும் 184 பேர் உயிரோடு வருவார்கள் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

பெற்றோரால் அந்தக் குழந்தைகளைப் பிடித்து வைக்க முடியவில்லை. ஒரு பச்சைக் குழந்தையின் அழுகுரல் கேட்டு, தப்பி வெளியே வந்த ஒரு பயணி புகைக்குள் திரும்பப் போய்த் தூக்கி வந்தார். அது பிழைத்தது. இன்னொரு ஆண் குழந்தை பிழைக்கவில்லை. இரண்டு வயது நிறையவில்லை. புகையில் மூச்சு முட்டி இறந்தான்.

13/
விமானத்தில் இருந்து வெளியே வந்த ஜேன் பிரவுன் முதலில் எதிர்கொண்டது அந்தக் குழந்தையின் தாயைத்தான். மகனைத் தேடி எரியும் விமானத்துக்குள் திரும்பப் போக முயன்றார் அந்தத் தாய். ஜேன் தடுத்தார். "நீங்கள் தரையில் வைக்கச் சொன்னீர்கள், வைத்தேன், இப்போது அவனைக் காணவில்லை" என்ற பொருளில் அந்தத் தாய் சொன்னதை அவரால் மறக்கவே முடியவில்லை.

யோசிச்சுப் பாருங்க. அவர் விதியை மீறல. விதிப்படி சொன்னார். அந்தத் தாயும் சொன்னபடியே செஞ்சார். தப்பு விதியில இருந்தது.

14/
அதுக்கப்புறம் ஜேன் பிரவுன் செஞ்சதுதான் பெரிய விஷயம். அமெரிக்க நாடாளுமன்றத்துல போய்ச் சாட்சி சொன்னார். ஊடகம் ஊடகமாப் பேசினார். ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்த இருக்கை, சொந்தக் கட்டு வேணும். இது ஒண்ணுதான் கோரிக்கை.

1990ல அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அதே பரிந்துரையை அரசுக்கு அனுப்பியது. விபத்துகளை விசாரிச்சு "இதை மாத்துங்க"ன்னு சொல்ற அமைப்பு இது. சட்டம் போடுற அதிகாரம் அதுக்கு இல்லை. அந்த அதிகாரம் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு மட்டும்தான். கதையின் அடுத்த 30 வருஷமும் இந்த இரண்டு அமைப்புகளுக்கு இடையில நடக்கிற இழுபறிதான். இனி வாரியம், நிர்வாகம்னே சொல்றேன்.

15/
1994 ஜூலை 2. சார்லட் நகரம். யுஎஸ்ஏர் 1016. இடி மழைக்கு நடுவே தரையிறங்க வந்த டிசி-9 விமானம் திடீர்க் கீழ்நோக்கிய காற்றில் சிக்கி விழுந்தது. 57 பேரில் 37 பேர் இறந்தார்கள்.

அதில் ஒன்று 9 மாதப் பெண் குழந்தை. தாயின் மடியில் இருந்தது. மோதலில் தாயால் பிடிக்க முடியவில்லை. தாய் பிழைத்தார். குழந்தை பிழைக்கவில்லை. முறையான சீட்டில் கட்டப்பட்டிருந்தால் அந்தக் குழந்தைக்கு உயிர் போகும் காயம் ஏற்பட்டிருக்காது என்பதே வாரியத்தின் முடிவு.

இவ்வளவு ஆனதுக்கப்புறம் சட்டம் மாறியிருக்கும்னுதானே நினைக்கிறீங்க? மாறல.

16/
ஏன் மாறலைன்னு கேட்டா, "லாபத்துக்காக"ன்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போயிடலாம். அது முழு உண்மை இல்லை. எதிர்த் தரப்பு வாதத்தையும் நியாயமாச் சொல்லணும்.

1995ல நிர்வாகம் நாடாளுமன்றத்துக்கு ஒரு அறிக்கை கொடுத்தது. வாதம் இதுதான். கைக்குழந்தைக்கும் டிக்கெட் கட்டாயம்னு ஆக்கினா, செலவு தாங்காத சில குடும்பங்கள் விமானத்தை விட்டுட்டுக் காரில் போகும். கார் பயணம் விமானத்தைவிடப் பல மடங்கு ஆபத்தானது. அவங்க மதிப்பீட்டின்படி, 10 ஆண்டில் விமானத்தில் சுமார் 5 குழந்தைகள் பிழைப்பார்கள். ஆனால் சாலையில் அதைவிடப் பல மடங்கு பேர் கூடுதலாக இறப்பார்கள்.

ஒரு உயிரைக் காப்பாத்தப் போற சட்டம் பல உயிரை எடுத்துடும்.

17/
இதை ஒரு அரசுத் துறை மட்டும் சொல்லல. 2003ல தாமஸ் நியூமன் என்ற குழந்தைகள் மருத்துவரும் சக ஆய்வாளர்களும் தனியாக் கணக்குப் போட்டாங்க.

சீட்டைக் கட்டாயமாக்கினால் அமெரிக்கா முழுக்க ஆண்டுக்குச் சுமார் 0.4 குழந்தை மரணம் தவிர்க்கப்படும். அதாவது ஐந்து ஆண்டுக்கு இரண்டு. குடும்பங்களில் 5 முதல் 10 சதவீதம் பேர் காருக்கு மாறினாலே அந்தப் பலன் போய்விடும். அதுக்கு மேல மாறினால் நட்டம்தான்.

அதே சமயம் அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவக் கழகம் 2001லேயே எதிர்ப் பக்கம் நின்னது. மடிக் குழந்தை விலக்கை எடுக்கணும், எல்லாக் குழந்தையும் கட்டப்படணும்னு கொள்கை அறிக்கையே வெளியிட்டது. வாரியமும் அந்தக் கணக்கை ஏத்துக்கல. டிக்கெட் வாங்கச் சொன்னா இத்தனை பேர் காருக்கு மாறுவாங்கங்கிறது வெறும் அனுமானம்னு வாதாடியது.

2005 ஆகஸ்டில் நிர்வாகம் கடைசியா அறிவிச்சது. கட்டாயமாக்க மாட்டோம்.

18/
இரண்டு பக்கமும் மருத்துவர்கள், இரண்டு பக்கமும் குழந்தைகள் மேல அக்கறை உள்ளவங்க. அப்போ யார் சொல்றது சரி?

என் கருத்தைச் சொல்றேன். இரண்டும் வேற வேற கேள்விக்கான பதில்.

"நாடு முழுக்கச் சட்டம் போடலாமா?" இது பொது சுகாதாரக் கேள்வி. இங்க நியூமன் கணக்கு முக்கியம்.

"என் குழந்தையை நான் எப்படிக் கூட்டிட்டுப் போறது?" இது உங்க கேள்வி. இதுக்கான பதிலில் எந்தத் தரப்புக்கும் சண்டையே இல்லை. சட்டம் போட மறுத்த அதே நிர்வாகம், இன்னைக்கும் பெற்றோருக்குச் சொல்ற அறிவுரை என்ன தெரியுமா? உங்க குழந்தைக்குப் பாதுகாப்பான இடம் உங்க மடி இல்லை, அங்கீகரிக்கப்பட்ட சீட்தான்.

19/
இன்னொண்ணும் கவனிங்க. காருக்கு மாறிடுவாங்கங்கிற வாதம் உள்நாட்டுப் பயணத்துக்குத்தான் பொருந்தும். சென்னையில இருந்து சிகாகோவுக்குக் காரில் போக முடியாது. கடல் இருக்கு.

அதனால வெளிநாட்டுப் பயணத்துல இந்தக் கணக்கு அடிபட்டுப் போகுது. மிச்சம் இருக்கிறது பணம் மட்டும்தான். மடிக் குழந்தைக்குப் பொதுவா பெரியவர் கட்டணத்துல பத்துல ஒரு பங்கு அளவுக்கு வாங்குவாங்க. தனி இருக்கைன்னா கிட்டத்தட்ட இன்னொரு முழு டிக்கெட்டுக்குப் பக்கத்துல வந்துடும். நடுத்தரக் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. இதைக் குறைச்சுப் பேச எனக்கு மனசில்லை.

20/
"மடிக் குழந்தைக்குத்தான் குட்டி பெல்ட் தர்றாங்களே"ன்னு கேட்பீங்க. ஆமா. அம்மா பெல்ட்டோட வளையம் மாதிரி கோக்கிற குழந்தை பெல்ட். ஐரோப்பாவில் இது கட்டாயம். ஆசிய விமானங்கள் பலவற்றிலும் தர்றாங்க.

அமெரிக்காவில் இதே பெல்ட் தடை. 1990களில் நடத்திய மோதல் சோதனைகளில் பொம்மைக் குழந்தை இரண்டாக மடங்கியது, பெரியவர் உடம்புக்கும் முன் சீட்டுக்கும் நடுவே நசுங்கியது. சாண்டர்ஸ் ரோட்டுல சொன்ன அதே விஷயம்.

ஒரே பொருள். ஒரு கண்டத்துல கட்டாயம், இன்னொரு கண்டத்துல தடை. இரண்டு பக்கமும் காரணம் இருக்கு. நடுவானில் குலுங்கும்போது குழந்தை கூரைக்குப் பறக்காம இந்த பெல்ட் பிடிச்சு வைக்கும். பலத்த மோதலில் அதுவே காயப்படுத்தும். நடைமுறையில் குலுங்கல்தான் அதிகம் நடக்கிறது. அதனால உங்க விமானத்துல கொடுத்தா மறுக்காம மாட்டுங்க. ஆனா அது சீட்டுக்குச் சமம்னு நினைச்சுடாதீங்க.

21/
குலுங்கல்னு சாதாரணமாச் சொல்லிட்டேன். 2024 மே 21 ஞாபகம் இருக்கா? லண்டனில் இருந்து சிங்கப்பூர் வந்த எஸ்கியூ 321. முதற்கட்ட விசாரணையில் வந்த கணக்கு இது. 0.6 நொடிக்குள் விசை +1.35ஜியில் இருந்து −1.5ஜிக்கு மாறியது. அதாவது பெல்ட் போடாதவங்க கூரையில் மோதி, அடுத்த சில நொடியில் கீழே விழுந்தாங்க. ஒருவர் இறந்தார், பலர் படுகாயம்.

அதே 2024 ஜனவரி 5. அலாஸ்கா ஏர்லைன்ஸ் 1282. நடுவானில் விமானத்தின் பக்கவாட்டுக் கதவு அடைப்பு பிய்த்துக்கொண்டு போனது. அந்தத் துளைக்குப் பக்கத்தில் இருந்த இருக்கைகளில் அதிர்ஷ்டவசமாக யாரும் இல்லை. அந்த விமானத்திலும் 3 மடிக் குழந்தைகள் இருந்தன. மூன்றும் பிழைத்தன. வாரியம் மறுபடியும் அதே பரிந்துரையை எடுத்துப் பேசியது.

1989ல தொடங்கிய கோரிக்கை. இன்னும் கோரிக்கையாகவே இருக்கு.

22/
பயமுறுத்துறதுக்கு எழுதல. கணக்கை மறுபடியும் பாருங்க. ஐந்து ஆண்டுக்கு இரண்டு குழந்தை. அமெரிக்கா மாதிரி விமானம் பறந்துக்கிட்டே இருக்கிற நாட்டுல. விமானப் பயணம் அவ்வளவு பாதுகாப்பானது. மடியில வச்சுக்கிட்டுப் போன பெற்றோர் யாரும் குற்றவாளி இல்லை. போக இருக்கிறவங்களும் தூக்கத்தைக் கெடுத்துக்க வேண்டாம்.

இப்போ நடைமுறைக்கு வருவோம்.

23/
தனி டிக்கெட் எடுத்து சீட் கொண்டு போறவங்களுக்கு:

• சீட்டில் விமானச் சான்று வாசகம் இருக்கான்னு பாருங்க. போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கோங்க. செக்-இன்ல கேட்டா காட்டலாம்.
• டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே விமான நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்க. பதிலைப் பத்திரப்படுத்துங்க. அமெரிக்க நிறுவனங்கள், டிக்கெட் எடுத்த குழந்தையின் அங்கீகரிக்கப்பட்ட சீட்டை மறுக்க முடியாது. மற்ற நாட்டு நிறுவனங்களுக்கு அவங்கவங்க விதி.
• சீட்டின் அகலம் 16 அங்குலத்துக்குள்ள இருந்தா பெரும்பாலான விமான இருக்கையில் பொருந்தும்.
• ஜன்னல் ஓர இருக்கையே நல்லது. அவசரத்தில் மற்றவங்க வெளியே வர வழி மறிக்காது. அவசர வழி வரிசையில் வைக்கவே கூடாது.
• பூஸ்டர் சீட்டை விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பயன்படுத்தக் கூடாது. அதுக்குத் தோள் பெல்ட் வேணும். விமானத்தில் இடுப்பு பெல்ட் மட்டும்தான்.

24/
• கனமான சீட்டைத் தூக்க முடியாதவங்களுக்கு ஒரு மாற்று. கேர்ஸ் என்ற மடக்கிப் பையில் போடக்கூடிய பட்டை. 2006ல அமெரிக்காவில் அங்கீகாரம். 10 முதல் 20 கிலோ எடை உள்ள, தனியா உட்காரும் குழந்தைக்கு மட்டும். கைக்குழந்தைக்கு இல்லை. விமானத்தில் மட்டும், காரில் கூடாது.
• அமெரிக்கா போறவங்க கவனத்துக்கு: விமான நிலையத்துக்கு வெளியே காலடி வச்சதும் காரில் சீட் இல்லாம குழந்தையை ஏத்தக் கூடாது. அந்த ஊர்ச் சட்டத்துக்கு அமெரிக்கத் தரச்சான்று உள்ள சீட்தான் வேணும். இங்க வாங்கின ஐரோப்பியத் தர சீட் விமானத்துக்குள்ள செல்லுபடியாகலாம், அங்க ரோட்டுல செல்லாது.
• லக்கேஜில் போட்டா பெரும்பாலான நிறுவனங்கள் கட்டணம் வாங்கறதில்லை. ஆனா நல்லாச் சுத்திக் கட்டுங்க. இறங்கினதும் விரிசல் இருக்கான்னு பாருங்க. விரிசல் விட்ட சீட் சீட்டே இல்லை.

25/
மடியில்தான் கூட்டிட்டுப் போக முடியும்னா:

• உங்க பெல்ட்டுக்குள்ள குழந்தையைச் சேர்க்காதீங்க. முதல்ல நீங்க போடுங்க, குழந்தை அதுக்கு வெளியே.
• குழந்தை பெல்ட் கொடுத்தா, விளக்கு அணைஞ்சாலும் கழட்டாதீங்க. குறிப்பா நீங்க தூங்கும்போது.
• தொட்டில் கொடுத்தா, பெல்ட் விளக்கு எரிஞ்சதும் குழந்தையை வெளியே எடுத்துடணும். தூங்குற பிள்ளையை எழுப்பணுமேன்னு பார்க்காதீங்க.
• குழந்தையைக் கையில வச்சுக்கிட்டுச் சூடான டீ, காபி வேண்டாம்.
• வரும்போது குழந்தைக்கு 2 வயது நிறைஞ்சிடுமான்னு தேதி பாருங்க. நிறைஞ்சா திரும்பும் பயணத்துக்குத் தனி டிக்கெட் கட்டாயம்.
• விமானம் நிரம்பலைன்னா பக்கத்துக் காலி இருக்கையில் சீட் வைக்க அனுமதி கேளுங்க. சில சமயம் கிடைக்கும்.

26/
கடைசியா, இந்த இழையை நான் எழுதினதுக்கான முக்கியமான காரணம்.

விமானத்துல மடிக் குழந்தைக்கு இருக்கிறது மிகச் சின்ன ஆபத்து. அதுக்கே உலகம் 35 வருஷமா சண்டை போடுது. நம்ம ரோட்டுல?

2019ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தைக் கட்டோ இல்லாம காரில் கூட்டிட்டுப் போனா 1000 ரூபாய் அபராதம்னு சொல்லுது. சட்டம் இருக்கு. ஆனா முன் சீட்டில் அம்மா மடியில் கைக்குழந்தை, ஓட்டுற அப்பா மடியில் ஸ்டீயரிங் பிடிச்சு விளையாடுற மூணு வயசுப் பிள்ளை, பைக் டேங்க் மேல நின்னுக்கிட்டு வர்ற குழந்தை. இதெல்லாம் தினமும் எல்லாரும் பார்க்கிறதுதான். முன் சீட்டில் ஏர்பேக் விரிஞ்சா நடுவுல இருக்கிற குழந்தைக்கு என்ன ஆகும்னு யாரும் யோசிக்கிறதில்லை.

27/
விபத்துப் பிரிவுக்கு வர்ற பெற்றோர் எல்லாருமே சொல்றது ஒரே வாக்கியம். "நல்லா இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன் டாக்டர்."

உண்மை. அவங்க பிடிச்சிருந்தாங்க. அந்தக் கையில குறை ஒண்ணும் இல்லை. 160 கிலோவை யாரும் பிடிக்க முடியாது. அவ்வளவுதான்.

விமான டிக்கெட்டுக்கு இன்னொரு லட்சம் செலவு பண்ண முடியாதவங்க நிறைய பேர். ஆனா கார் வச்சிருக்கிறவங்க ஒரு கார் சீட் வாங்கலாம். குழந்தை பிறந்த வீட்டுக்குத் தங்கச் சங்கிலி, வெள்ளிக் கொலுசு வாங்கிட்டுப் போற தாய்மாமன், அத்தை, சித்தி எல்லாரும் சேர்ந்து ஒரு கார் சீட் வாங்கிக் கொடுக்கலாம். கொலுசை விட நாலு வருஷம் கூடுதலா உபயோகப்படும்.

குழந்தைக்கு மடி வேணும். பால் குடிக்க, தூங்க, அழுகை நிறுத்த. வண்டி ஓடும்போது மட்டும் சீட்டில் கட்டுங்க. இறங்கினதும் மறுபடி மடியில வாங்கிக்கோங்க.

வெளிநாடு கிளம்புற உறவுகள் யாராவது இருந்தா பகிருங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.